பாஸ்டன் தேயிலையும் தில்லியின் 26 லட்சமும்

தில்லி சாவ்ரி பஜார் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் ஹௌஸ் காஸி சௌக். லால் குவான் செல்லும் சாலையில் சில நிமிட நடை. கடைகளுக்கு மேலே மாடியில், சிவப்பு மணற்கல்லில் ஒரு சிறிய மசூதி. தலைக்கு மேல் மின்கம்பிகள் பின்னிக் கிடப்பதால் நிமிர்ந்து தேடினால்தான் கண்ணில் படும். கும்மட்டங்கள் 3. 2020 ஜூலை 19 அன்று பெய்த மழையில் நடுக் கும்மட்டம் இடிந்து விழுந்தது. கட்டிய ஆண்டு 1823; 197 ஆண்டு நின்றிருக்கிறது. மசூதிக்குப் பெயர் தந்தவர் முபாரக் பேகம். அவரை மனைவியாக வைத்திருந்த, தில்லியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் சர் டேவிட் ஆக்டர்லோனி 1758 பிப்ரவரி 12 அன்று பிறந்தார். பிறந்த ஊர் பாஸ்டன், மாசசூசெட்ஸ். அமெரிக்கா என்றொரு நாடு பிறக்க அப்போது இன்னும் 18 ஆண்டு இருந்தது.

ஆக்டர்லோனியைப் பற்றித் தில்லியில் வழங்கும் எண் 13. மாலையில் செங்கோட்டை மதிலோரம் 13 மனைவியர், 13 யானைகள் மேல், அவருக்குப் பின்னால் வரிசையாக உலா போவார்களாம். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி என்று வைத்தால், 13-க்கு 1,950 கிலோ. ரெசிடென்டின் வரும்படிக்கு அது கட்டுப்படியாகாது என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய உயிலில் தம் இளைய குழந்தைகளின் தாய் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்படுபவர் முபாரக் பேகம். நான் 13-ஐக் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன்; யானைகள் எத்தனை என்பதை விட, பாஸ்டனையும் தில்லியையும் ஒரே பேரேட்டில் சேர்த்த தொகைகள் எவை என்பதே இங்கே கணக்கு.

முதல் தொகை 26 லட்சம் ரூபாய். 1765 ஆகஸ்ட் 12 அன்று அலகாபாதில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா மூன்றின் திவானியை, அதாவது வரிவசூல் உரிமையைக், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். பதிலுக்குக் கம்பெனி ஆண்டுதோறும் பேரரசருக்குக் கட்ட ஒப்புக்கொண்டது 26 லட்சம். ஒரு பவுண்டுக்கு 8 முதல் 10 ரூபாய் வரை என்று கொண்டால், இது 2,60,000 முதல் 3,25,000 பவுண்டு.

இரண்டாவது தொகை 14 லட்சம் பவுண்டு. 1770-ல் வங்காளத்தில் பஞ்சம். லண்டனில் கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு லாபப்பங்கை உயர்த்திக்கொண்டே போயிருந்தது; 1767 முதல் பிரிட்டிஷ் அரசுக்கும் ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. 1772-ல் கையில் காசில்லை. அரசிடம் கடன் கேட்டு மறு ஆண்டு பெற்றது 14 லட்சம் பவுண்டு. கம்பெனியின் கிடங்குகளில் விற்காமல் தேங்கிக் கிடந்த சீனத் தேயிலை சுமார் 1 கோடியே 70 லட்சம் ராத்தல், ஏறத்தாழ 7,700 டன்.

1773-ல் நடந்தவை மூன்று. மே 10 அன்று லண்டன் நாடாளுமன்றத்தின் தேயிலைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. தேங்கிய சரக்கைக் கம்பெனி நேரடியாக அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பலாம், ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி அங்கே வசூலாகும். அடுத்த மாதம் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அது வாரன் ஹேஸ்டிங்ஸை முதல் கவர்னர் ஜெனரலாகக் குறித்தது. மூன்றாவது, தில்லிக்குப் போக வேண்டிய 26 லட்சத்தை ஹேஸ்டிங்ஸ் நிறுத்தியே விட்டார். ஷா ஆலம் 1772 ஜனவரியில் மராத்தியர் துணையோடு தில்லி திரும்பியிருந்தார். எதிராளியோடு சேர்ந்தவருக்குப் பணம் எதற்கு என்பது சொல்லப்பட்ட காரணம். சொல்லப்பட்ட காரணம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லா காலியாக இருந்த நேரத்தில் அது தோதாக வந்து சேர்ந்தது என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

1773 டிசம்பர் 16 இரவு, அந்த வரியை எதிர்த்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டியவை 342 தேயிலைப் பெட்டிகள். சில கணக்கில் 340. எடை 92,000 ராத்தலுக்கு மேல், சுமார் 42 டன். கம்பெனி கணக்கிட்ட நட்டம் 9,659 பவுண்டு. ஆக்டர்லோனிக்கு அன்று வயது 15.

இந்த 9,659-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அப்படியானால் தேயிலை ராத்தல் சுமார் 25 பென்ஸ்; அதன் மேல் 3 பென்ஸ் வரி, அதாவது 12 சதவீதம். 92,000 ராத்தலுக்கும் வரி வசூலாகியிருந்தால் கிடைத்திருப்பது 1,150 பவுண்டு. ஹேஸ்டிங்ஸின் ஆண்டுச் சம்பளம் 25,000 பவுண்டு; அவருடைய சபை உறுப்பினர் நால்வருக்கும் தலா 10,000. ஐவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000. கடலில் போன சரக்கு இதில் 15 சதவீதம்தான். கிடங்கில் தேங்கியிருந்த மொத்தத் தேயிலையில் அது அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். தில்லிக்குக் கட்டாமல் விட்ட ஓராண்டுத் தொகையோ, பாஸ்டன் நட்டத்தைப் போல் 27 முதல் 34 மடங்கு. சிறிய தொகைக்கு ஒரு நாடு பிறந்தது. பெரிய தொகைக்குத் தில்லியில் எந்தத் துறைமுகமும் கலங்கவில்லை. தில்லிக்குத் துறைமுகமும் இல்லை.

அந்தத் தேயிலையில் ஒரு ராத்தல்கூட இந்தியாவில் விளைந்தது அல்ல, எல்லாம் சீனத்தது. அசாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலத்துக்கு வந்தது 1839-ல், 8 பெட்டிகள். இருந்தும் பாஸ்டன் விவகாரத்தில் இந்தியா இருந்தது. அதைச் சேர்த்தவர்கள் அமெரிக்கர்களே. தேயிலை கொட்டப்படுவதற்குச் சில வாரங்கள் முன், 1773 நவம்பரில், ஒரு துண்டறிக்கை வெளிவந்தது. எழுதியவர் பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் என்பது பொதுக் கருத்து. வங்காளத்தில் ஒரே ஆண்டில் 15 லட்சம் பேர் பட்டினியால் மாண்டார்கள், விளைச்சல் இல்லாமல் அல்ல, கம்பெனிக்காரர்கள் தானியத்தை முடக்கியதால் என்று அது சொல்லிற்று. அதே கம்பெனி இப்போது நம் கரைக்கு வருகிறது என்றது. பஞ்சச் சாவின் கணக்கு இன்றும் 12 லட்சத்திலிருந்து 1 கோடி வரை விரிகிறது. ஹேஸ்டிங்ஸே 1772-ல் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்காவது போயிற்று என்கிறார். அதே கடிதத்தில் 1771-ன் நிகர வரிவசூல் 1768-ன் வசூலைத் தாண்டியது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் படித்தால் போதும். வேறு விளக்கம் வேண்டாம்.

அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியது 1775 ஏப்ரல் 19, லெக்சிங்டன், கான்கார்டு. அன்று இறந்தவர்கள் அமெரிக்கர் 49, பிரிட்டிஷார் 73, மொத்தம் 122. போரின் கடைசிச் சண்டை எங்கே நடந்தது என்று கேட்டால் பலரும் யார்க்டவுன் என்பார்கள். பதில் கடலூர். 1783 ஜூன் 13 அன்று பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த கடலூரைப் பிரிட்டிஷ் படை தாக்கியது. சுமார் 1,000 பேரை இழந்தது. ஜூன் 20 அன்று கடற்போர். சுஃப்ரென் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் 15, ஹியூஸ் தலைமையில் பிரிட்டிஷ் கப்பல்கள் 18. இறந்தவர்கள் பிரெஞ்சுக்காரர் 102, பிரிட்டிஷார் 99. காயம் 386, 434. இறந்தவர்கள் மட்டும் 201, முதல் நாள் சாவை விட 79 அதிகம். இந்த 201-ல் அமெரிக்கர் ஒருவரும் இல்லை. பிரான்சு அமெரிக்காவுக்காகப் போரில் இறங்கியதன் கிளைச் சண்டை இது.

அந்த 201 பேர் சாவதற்கு 151 நாள் முன்பே, 1783 ஜனவரி 20 அன்று, வெர்சாயில் பூர்வாங்கச் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னை வந்து, வெள்ளைக்கொடி பிடித்த கப்பலில் கடலூரை எட்டியபோது ஜூன் கடைசி. தபால் பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடலூர்க்காரர்கள் சில்வர் பீச்சில் நின்று இந்தப் பக்கம்தான் என்று கை காட்டலாம்.

எதிர்த்திசையில் போன செய்தியும் உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் சுமார் 3,800 பேர் கொண்ட படையை ஹைதர் அலியும் திப்புவும் ஒழித்துக்கட்டினார்கள். ஹைதரின் பெயர் அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1782-ல் பென்சில்வேனியா மாநிலம் ஒரு வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்றியது. கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. அதில் 6 ராத்தல் குண்டு போடும் பீரங்கிகள் 16. ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் அதை எதிர்த்த பிரிட்டிஷ் கப்பல் 'ஜெனரல் மங்க்'. 20 பீரங்கிகள், பெரும்பாலும் 9 ராத்தல். ஒரு பக்கத்துப் பீரங்கிகள் ஒருமுறை சேர்ந்து சுட்டால் ஹைதர் அலி வீசுவது 48 ராத்தல் இரும்பு, மங்க் வீசுவது சுமார் 90. அரை மணிக்குள் சண்டை முடிந்தது. மங்க் கப்பலில் 20 பேர் இறந்தார்கள், 33 பேருக்குக் காயம். ஹைதர் அலியில் 4, 11. ஏறக்குறைய பாதி எடை வீசிய கப்பல் வென்றது. கேப்டன் ஜோஷுவா பார்னிக்கு வயது 22. பிடிபட்ட கப்பலுக்கு வாஷிங்டனின் பெயரைச் சூட்டினார்கள். ஹைதர் அலி அதே ஆண்டு டிசம்பரில் சித்தூர் அருகே காலமானார்.

யார்க்டவுனுக்கு வருவோம். 1781 அக்டோபர் 19 அன்று அங்கே 7,000-க்கு மேற்பட்ட படைவீரர்களோடு சரணடைந்தவர் காரன்வாலிஸ். தோற்ற தளபதிக்கு லண்டன் பின்னர் தந்த வேலை இந்தியா. 1786 செப்டம்பரில் கல்கத்தா வந்து கவர்னர் ஜெனரல் ஆனார். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கை: திப்பு பாதி நாட்டைக் கொடுத்தார், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்டச் சம்மதித்தார், மகன்கள் இருவரைப் பிணையாக அனுப்பினார். 10 ரூபாய்க்கு 1 பவுண்டு என்று வைத்தாலும் 33 லட்சம் பவுண்டு. பாஸ்டன் தேயிலையைப் போல் சுமார் 340 மடங்கு. கம்பெனியின் பங்காகக் கிடைத்த நிலத்தில் திண்டுக்கல்லும் பாராமகாலும் அடக்கம். இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் பட்டா வரலாறு யார்க்டவுனில் தோற்றவரிடம் தொடங்குகிறது என்றால் மிகை என்பீர்கள். ஆண்டுகளைக் கழித்துப் பாருங்கள், இடைவெளி பத்தரை ஆண்டுதான்.

வணிகக் கணக்கு போர்க்கணக்கை விட வேகமாக நகர்ந்தது. புதிய நாட்டின் முதல் கப்பல் இந்தியாவைத் தொட்டது 1784 டிசம்பர் 26, புதுச்சேரியில். கப்பலின் பெயரே 'யுனைடெட் ஸ்டேட்ஸ்'. பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாகி 16 மாதம்கூட ஆகவில்லை. வாஷிங்டன் 1792 நவம்பரில் பெஞ்சமின் ஜாயைக் கல்கத்தாவுக்குத் தூதராக நியமித்தார். அவர் வந்து சேர்ந்தது 1794 ஏப்ரல், 17 மாதம். வந்தவரைத் தூதராக ஏற்கக் கம்பெனி மறுத்தது. வணிக முகவராக வேண்டுமானால் இருந்துகொள் என்றது. அதே ஆண்டு கையெழுத்தான ஜே உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு அமெரிக்கக் கப்பல்களைப் பிரிட்டிஷ் இந்தியத் துறைமுகங்களில் அனுமதித்தது. பிரிந்து போன குடியேற்றங்கள் 13, பிரிவு எண் 13, ஆக்டர்லோனியின் கதையிலும் 13. இதில் பொருள் ஏதுமில்லை.

அந்தக் காலத்து லாபக் கணக்கில் தலையாயது ஒரு குட்டி. 1796 ஏப்ரல் 13 அன்று ஜேக்கப் கிரவுனின்ஷீல்டின் 'அமெரிக்கா' என்ற கப்பல் வங்காளத்திலிருந்து நியூயார்க் வந்தது. அதில் 2 வயது யானைக்குட்டி. வாங்கிய விலை 450 டாலர், விற்ற விலை 10,000 டாலர்; 22 மடங்கு. அந்த மண் பார்த்த முதல் யானை. கப்பலின் நாட்குறிப்பை எழுதியவர் நதானியல் ஹாத்தார்ன். நாவலாசிரியர் ஹாத்தார்னின் தந்தை. வழியில் செயிண்ட் ஹெலினா தீவில் கப்பலுக்கு மீன், பூசணி, முட்டைக்கோஸ் ஏற்றியதோடு யானைக்குத் தழை ஏற்றியதையும் அவர் பதிந்திருக்கிறார். நியூயார்க் விலையில் ஆக்டர்லோனியின் 13 யானைகள் 1,30,000 டாலர்.

ஆளுக்கும் விலை இருந்தது, நிலமாக. வர்ஜீனியாவில் ஒருவரைத் தன் செலவில் கப்பலேற்றி அழைத்து வருகிறவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் அரசு கொடுத்தது. 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர் 24 தலைகளைக் காட்டி 1,200 ஏக்கர் பெற்றார். பட்டியலில் ஒரு வரி: டோனி, கீழை இந்தியர். அந்த நாட்டு ஆவணங்களில் பெயரோடு தென்படும் மிகப் பழைய இந்தியர்களில் ஒருவர். ஊர் இல்லை, வயது இல்லை, இயற்பெயர் இல்லை. 50 ஏக்கர் என்பது மட்டும் உறுதி, சுமார் 20 ஹெக்டேர்; அதுவும் அவருக்குச் சேர்ந்ததல்ல.

சென்னையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஆக்டர்லோனிக்கு 109 ஆண்டு முன், 1649-ல், அதே பாஸ்டனில் பிறந்தவர் எலிஹு யேல். 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரம் மிஞ்சிப் போனதால் பதவி இழந்தார். 1718-ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்கு 9 பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது 562 பவுண்டு சொச்சம், பாஸ்டனில் கொட்டிய தேயிலையின் மதிப்பில் 6 சதவீதத்துக்கும் குறைவு. கல்லூரி தன் பெயரையே மாற்றி யேல் என்று வைத்துக்கொண்டது.

பனிக்கட்டியின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் நட்டம் கண்ணெதிரே உருகுகிறது. 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அனுப்பியவர் பிரெடரிக் டூடர். மாசசூசெட்ஸில் குளிர்காலத்தில் குளங்கள் உறைந்ததும் அறுத்தெடுத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்த கட்டிகள் அவை. மரத்தூள்தான் உறை. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்து, செப்டம்பரில் ஹூக்ளியில் நுழைந்தபோது மிஞ்சியது சுமார் 100 டன். 80 டன் நட்டம், 44 சதவீதம். 120 நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 670 கிலோ தண்ணீராகிக் கப்பலடியில் ஓடியிருக்கிறது. இருந்தும் லாபம். காரணம் எளிது: இந்தியாவுக்குப் போகும் பாஸ்டன் கப்பல்களுக்கு ஏற்றிப்போகச் சரக்கு போதாது, பாரத்துக்குக் கல்லை ஏற்றுவதற்குப் பதில் பனிக்கட்டி. பனிக்கட்டிக்குக் கொள்முதல் விலை ஏறக்குறைய இல்லை, மரத்தூளோ அறுப்பாலைகளின் கழிவு. அடுத்த 20 ஆண்டில் கல்கத்தா மட்டும் டூடருக்குத் தந்த லாபம் சுமார் 2,20,000 டாலர் என்று கணிக்கிறார்கள். சராசரி ஆண்டுக்கு 11,000, ஏறத்தாழ ஒரு யானைக்குட்டி. சென்னைக் கடற்கரையில் அவர் 1842-ல் கட்டிய பனிக்கட்டிக் கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். 1856-ல் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து வெளியே போன பனிக்கட்டி 1,46,000 டன், 363 கப்பல் நடைகளில். நடைக்குச் சராசரி 402 டன்.

இதில் தில்லிக்கு ஒரு கட்டிகூட வந்ததாகத் தெரியவில்லை. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றும் கப்பல் வரும் ஊர்கள், தில்லி உள்நாடு. வட இந்தியச் சமவெளியில் ஜனவரி இரவுகளில் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியுமுன் படிந்த மெல்லிய படலத்தைச் சுரண்டிக் குழியில் போட்டு, வைக்கோல் மூடிக் கோடைக்குக் காப்பார்கள். ஒரு தட்டுக்கு ஒரு விரல்கூடத் தேறாது. டூடரின் ஆட்கள் குளத்தில் அறுத்த கட்டியின் கனம் ஒரு முழத்துக்கு மேல்கூடப் போகும்.

தில்லியின் 26 லட்சம் என்ன ஆயிற்று? 1773 முதல் 1803 வரை கட்டாமல் விட்டது 30 ஆண்டு. 30-ஐ 26 லட்சத்தால் பெருக்கினால் 7 கோடியே 80 லட்சம் ரூபாய், வட்டி சேர்க்காமல். பவுண்டில் 78 லட்சம், 10 ரூபாய்க் கணக்கில். கம்பெனி 1773-ல் வாங்கிய கடனைப் போல் ஐந்தரை மடங்கு. இடையில் 1788-ல் ரோஹில்லாத் தலைவன் குலாம் காதிர் ஷா ஆலமின் கண்களைப் பறித்தான். 1803 செப்டம்பர் 11 அன்று யமுனைக்கு அக்கரையில், பட்பர்கஞ்ச் பக்கம், ஜெனரல் லேக்கின் சுமார் 4,500 பேர் மராத்தியப் படையின் சுமார் 19,000 பேரை வென்றார்கள். பார்வையிழந்த பேரரசரிடம் கம்பெனியின் ஆளாக வந்து அமர்ந்தவர் ஆக்டர்லோனி, வயது 45. காஷ்மீரி கேட்டில் தாரா ஷிகோவின் நூலகமாக இருந்த கட்டடம் அவருடைய இருப்பிடமானது. இப்போது அம்பேத்கர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. 1804 அக்டோபரில் மராத்தியத் தலைவர் ஹோல்கரின் படை நகரை ஒரு வாரத்துக்கு மேல் முற்றுகையிட்டது. கர்னல் பர்னும் ஆக்டர்லோனியும் மதிலைக் காத்தார்கள்.

அதே வட்டாரத்தில் இன்னொரு அமெரிக்கர். நியூயார்க்கில் பிறந்த வில்லியம் லினேயஸ் கார்ட்னர், முதலில் ஹோல்கரிடம் வேலை, பிறகு கம்பெனிக்காக 1809-ல் ஒரு குதிரைப்படை எழுப்பினார். இந்திய ராணுவத்தின் 2-ஆம் லான்சர்ஸ் இன்றும் கார்ட்னர் குதிரைப்படை என்ற பெயரைத் தாங்குகிறது. குதிரைக்குப் பதில் டாங்கிகள். இருநூறு ஆண்டைத் தாண்டிய பெயர்.

ஆக்டர்லோனி பாஸ்டனுக்குத் திரும்பவே இல்லை. 1777-ல் 19 வயதில் இந்தியாவுக்கு வந்தார். 1825-ல் மீரட்டில் இறந்தார். 48 ஆண்டு. நேபாளப் போருக்காகக் கம்பெனி அவருக்கு அளித்த ஓய்வூதியம் ஆண்டுக்கு 1,000 பவுண்டு. அவர் நினைவாகக் கல்கத்தா மைதானத்தில் எழுப்பிய தூணின் உயரமும் 48 மீட்டர், தற்செயல். 1969-ல் அதற்கு ஷஹீத் மினார் என்று பெயர் மாற்றினார்கள். 1820 வாக்கில் தில்லியில் தீட்டிய ஒரு சிற்றோவியம் இருக்கிறது. இந்திய உடையில் அவர் திண்டில் சாய்ந்து ஹூக்கா புகைக்க, எதிரே நாட்டியம். சுவரின் உயரத்தில் மாட்டியிருக்கும் ஐரோப்பிய முகங்கள் கீழே நடப்பதைப் பார்த்தபடி இருக்கின்றன.

பேரரசருக்கு மறுபடி பணம் வரத் தொடங்கியது, ஆனால் கப்பமாக அல்ல, உதவித்தொகையாக. இரண்டாம் அக்பர் ஷா காலத்தில் மாதம் 1 லட்சம், ஆண்டுக்கு 12 லட்சம். பழைய 26 லட்சத்தில் 46 சதவீதம். குறைவு என்று முறையிட அவர் ராம்மோகன் ராய்க்கு ராஜா பட்டம் கொடுத்து 1830-ல் இங்கிலாந்துக்கு அனுப்பினார். ராய்க்குப் பாஸ்டன் வட்டாரத்து யூனிடேரியன் கிறிஸ்தவர்களோடு முன்பே கடிதப் பழக்கம் உண்டு. அவருடைய வாதத்தால் கிடைத்தது ஆண்டுக்கு 3 லட்சம் கூடுதல், 25 சதவீத உயர்வு. இனி எந்த உரிமையும் கோரக் கூடாது என்ற நிபந்தனையோடு. நிபந்தனை ஏற்கப்படவில்லை, தொகை 12 லட்சத்திலேயே நின்றது. ராய் பிரிஸ்டலில் இறந்தது 1833 செப்டம்பர் 27, பாஸ்டன் பனிக்கட்டி கல்கத்தாவில் இறங்கிய அதே மாதம்.

12 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 3,288 ரூபாய். அரண்மனையின் நூற்றுக்கணக்கான இளவரசர்களும் அவர்கள் குடும்பங்களும் இதில்தான் சாப்பிட்டார்கள். கடைசிப் பேரரசர் பகதூர் ஷா 1858 அக்டோபரில் தில்லியிலிருந்து மாட்டுவண்டியில் கிளப்பப்பட்டு ரங்கூன் கொண்டுபோகப்பட்டார். அங்கே காவலுக்கு இருந்த அதிகாரி கைதிகளின் சாப்பாட்டுச் செலவைக் கணக்கெழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். எல்லோருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 11 ரூபாய். மாதத்தின் முதல் நாளில் சோப்பு, சீப்பு வகைக்கு 2 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பாட்டுக்கு 12.